ஜப்பானில் தைரியம் இருப்பது கல்லீரலில்!

பயந்த சுபாவம் உள்ளவரை 'கல்லீரல் சிறியவர்' என்பார்கள் ஜப்பானியர்கள். எதற்கும் அசராதவருக்கோ கல்லீரல் 'நிலையாக உட்கார்ந்திருக்கும்'! கோடை இரவில் சிறுவர்கள் கல்லறைப் பக்கம் போய்வரும் விளையாட்டுக்குப் பெயர் 'கிமோதமேஷி'. அதாவது, கல்லீரலுக்குப் பரீட்சை.

துணிச்சல் என்பது 'தைத்தான்'. எழுத்துக்கு எழுத்து பார்த்தால், 'பெரிய பித்தப்பை'. கூச்சநாச்சமே இல்லாதவருக்கு 'இதயத்தில் முடி முளைத்திருக்கிறது'!

வீட்டில் புலி, வெளியில் எலியா? அவர் 'உச்சிபென்கெய்', வீட்டுக்குள் மட்டும் பென்கெய். பென்கெய், 12-ம் நூற்றாண்டின் வீரத் துறவி.

கோழைத்தனத்தைச் சொல்லும் 'ஒகுபியோ'வில் 'நோய்' என்ற எழுத்து இருக்கிறது. ஆனால், ஒதுங்கி நிற்கும் கூச்ச சுபாவத்தைச் சொல்லும் 'ஹிக்கோமிஜியான்' என்பதில் இருப்பது 'யோசனை'.

உங்கள் வீட்டுக் குட்டி நாலு பேர் முன்னால் தயங்கி நின்றால், 'பயந்தாங்கொள்ளி' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். யோசித்துக்கொண்டிருக்கலாம்!