ஸ்னாட்ச் தூக்கலில் கம்பியின் பாதையும் நுட்பத் திருத்தமும்: ஓர் உயிர்விசையியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒலிம்பிக் பளுதூக்குதலின் இரு பிரிவுகளுள் ஸ்னாட்ச் என்பது கம்பியைத் தரையிலிருந்து தலைக்கு மேல் இடைநில்லாது ஒரே அசைவில் உயர்த்துவதாகும். இதில் நேரும் தோல்வி பெரும்பாலும் தலைக்கு மேலேயே கண்ணுக்குப் புலப்படுகிறது. ஆயினும் அதன் காரணம் பல வேளைகளில் கம்பி தரையை விட்டு நீங்கும் தொடக்கக் கட்டத்திலேயே அமைந்துவிடுகிறது. இக்கருத்தை எளிய இயற்பியல் கணக்கீடுகள், உயிர்விசையியல் ஆய்வு முடிவுகள், போட்டித் தரவுகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. நுட்பத்தைத் திருத்தும் பயிற்சி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பளுதூக்குதல், ஸ்னாட்ச், கம்பியின் பாதை, திருப்பு விசை, இயக்கக் கற்றல்.

முன்னுரை

1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்குப் பின் ‘பிரஸ்’ பிரிவு நீக்கப்பட்டது. அதனால் பளுதூக்குதல் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்னும் இரு பிரிவுகளாக நிலைபெற்றது. பிரஸ் பெரிதும் தோள், கை வலிமையைச் சார்ந்தது. எஞ்சிய இரண்டும் வேகத்தையும் துல்லியத்தையும் சார்ந்தவை. எனவே வலிமையோடு நுட்பமும் வெற்றியைத் தீர்மானிக்கும் விளையாட்டாகப் பளுதூக்குதல் மாறியது. மகளிர் பளுதூக்குதல் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டே கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130 என மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார்.

நுட்பத்தின் மதிப்பு எத்தகையது என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் மகளிர் 49 கிலோ பிரிவு உணர்த்துகிறது. மீராபாய் சானு 199 கிலோவுடன் நான்காமிடம் பெற்றார். வெண்கலம் வென்ற தாய்லாந்து வீராங்கனையின் மொத்தம் 200 கிலோ. ஆண்டுக்கணக்கான உழைப்பின் பயனை ஒரே ஒரு கிலோ தீர்மானித்தது. இத்தகைய இடைவெளியில் தசை வலிமையைக் கூட்டுவது மட்டுமே வழியன்று. இருக்கும் வலிமையை வீணாக்காமல் கம்பிக்குக் கடத்துவதும் ஒரு வழியாகும். அவ்வழியே இங்கு ஆராயப்படுகிறது.

விகிதம் காட்டும் குறிப்பு

ஒரு வீரரின் ஸ்னாட்ச் அளவு அவரது கிளீன் அண்ட் ஜெர்க் அளவில் ஏறக்குறைய 80 முதல் 85 விழுக்காடு வரை இருப்பதைப் பயிற்றுநர்கள் பொது அளவுகோலாகக் கொள்வர். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149, 179 கிலோவும், 2018 கோல்டு கோஸ்டில் 144, 173 கிலோவும் தூக்கித் தங்கம் வென்றார். இரு போட்டிகளிலும் அவரது விகிதம் 83.2 விழுக்காடாகும். மொத்தம் 328இலிருந்து 317ஆகக் குறைந்தபோதும் விகிதம் மாறவில்லை.

மீராபாய் சானுவின் நிலை வேறு. 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் அவர் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலகச் சாதனை படைத்தார். ஸ்னாட்சில் 86 கிலோ தூக்கினார். விகிதம் 72.3 விழுக்காடு. டோக்கியோவில் 87, 115 கிலோ தூக்கி வெள்ளி வென்றபோது அது 75.7 ஆயிற்று. பாரிசில் 88, 111 கிலோ தூக்கியபோது 79.3 ஆயிற்று.

இவ்வுயர்வை முழுதும் நுட்ப வளர்ச்சியாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஸ்னாட்ச் 2 கிலோ கூடியது. கிளீன் அண்ட் ஜெர்க் 8 கிலோ குறைந்தது. ஆகவே விகிதம் நோயை முடிவுசெய்யும் கருவியன்று. எங்கே நோக்க வேண்டும் என்பதைச் சுட்டும் குறிப்பேயாகும். விகிதம் குறைவாயின் அவ்வீரரிடம் வலிமை இருந்தும் அது ஸ்னாட்சில் முழுமையாக வெளிப்படவில்லை எனக் கருத இடமுண்டு.

தூக்கலின் கட்டங்கள்

ஸ்னாட்சை ஆறு கட்டங்களாகப் பகுத்து நோக்கலாம்: முதல் இழுப்பு, இடைமாற்றம், இரண்டாம் இழுப்பு, கம்பியின் கீழ் இறங்குதல், தாங்குதல், எழுதல்.

முதல் இழுப்பில் கம்பி தரையிலிருந்து முழங்கால் வரை உயர்கிறது. முதுகின் சாய்வு பெரிதும் மாறாதிருக்க, கால்கள் நீள்கின்றன. இடைமாற்றத்தில் முழங்கால்கள் மீண்டும் சற்றே மடங்கிக் கம்பிக்கு அடியில் நுழைகின்றன, உடல் நிமிர்கிறது. இரண்டாம் இழுப்பில் கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூன்று மூட்டுகளும் வெடித்தாற்போல் நீள்கின்றன. கம்பி தன் உச்ச வேகத்தை இங்குதான் அடைகிறது.

1979இல் ரோஜர் எனோகா வெளியிட்ட ஆய்வு, இழுப்பின்போது பாதங்களின் கீழ் உண்டாகும் தரை எதிர்விசை ஒரே சீராக உயர்வதில்லை எனக் காட்டியது. அது முதலில் உயர்ந்து, இடைமாற்றத்தில் தாழ்ந்து, மீண்டும் உயர்கிறது. இடையிலுள்ள தாழ்வு சோர்வன்று. முழங்கால் மடங்கும்போது தொடைத் தசைகள் நீட்சியடைந்து உடனே சுருங்குவதால் இரண்டாம் இழுப்பு வலுப்பெறுகிறது. இருப்பினும், இத்தாழ்வின்போது கம்பியின் வேகம் குறைந்துவிடலாகாது. தேர்ந்த வீரர்களிடம் வேகம் ஏறிக்கொண்டோ நிலைத்தோ செல்கிறது. பயிற்சி குறைந்தோரிடம் வேக வரைகோட்டில் பள்ளம் தோன்றுகிறது.

ஐந்து சென்டிமீட்டரின் விலை

கம்பி நேர்க்கோட்டில் உயர்வதில்லை. முதலில் வீரரை நோக்கி உள்வாங்கி, பின் இடுப்பருகே சற்றே விலகி, மீண்டும் உள்நோக்கி வளைந்து, நீண்ட ‘எஸ்’ வடிவப் பாதையில் செல்கிறது. இப்பாதையின் தொடக்கத்திலேயே கம்பி உள்வாங்குவதற்கு மாறாக முன்னே விலகினால் நேர்வது என்ன?

எடுத்துக்காட்டாக, 88 கிலோ எடையுள்ள கம்பி இடுப்பு மூட்டிலிருந்து கிடைமட்டமாக 40 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். அது இடுப்பின்மேல் ஏற்படுத்தும் திருப்பு விசை ஏறத்தாழ 345 நியூட்டன் மீட்டர். கம்பி 5 சென்டிமீட்டர் முன்னே விலகினால் அது 388 ஆகிறது. சரியான இடத்தில் 99 கிலோவைத் தாங்குவதற்கு இது ஒப்பாகும். தட்டில் உள்ள எடை மாறவில்லை. முதுகும் இடுப்பும் உணரும் சுமை மட்டும் மாறிவிட்டது. ஒரு கிலோவில் பதக்கம் கைநழுவும் களத்தில் இது சிறிய இழப்பன்று.

இரண்டாம் கணக்கு நேரம் பற்றியது. இரண்டாம் இழுப்பின் முடிவில் கம்பியின் வேகம் நொடிக்கு 1.8 மீட்டர் எனில், அதன்பின் வேறு விசை இன்றி அது ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர் மட்டுமே உயரும். அதற்கு எடுக்கும் நேரம் 0.18 நொடி. வேகம் 1.7 மீட்டராகக் குறைந்தால் உயரம் 14.7 சென்டிமீட்டராகக் குறையும். இக்குறுகிய நேரத்துக்குள் வீரர் கம்பியின் கீழ் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். எனவே ‘இன்னும் மேலே இழு’ என்னும் அறிவுரையைக் காட்டிலும் ‘விரைந்து கீழே செல்’ என்பதே பல வேளைகளில் பயனளிப்பதாகும்.

தோல்வியின் மூலம்

தூக்கல் தவறும்போது கம்பி தலைக்கு முன்னே விழுவதையோ, முதுகுக்குப் பின்னே சரிவதையோ காண்கிறோம். இதனைத் தோள் வலுவின்மை எனக் கொள்வது இயல்பு. கோர்கூலிசும் பிற கிரேக்க ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, வெற்றி பெற்ற ஸ்னாட்சையும் தோல்வியுற்ற ஸ்னாட்சையும் ஒப்பிட்டது. கம்பியின் மீது விசை செலுத்தப்படும் திசை, குறிப்பாக முதல் இழுப்பில் அமையும் முடுக்கத்தின் திசை, வெற்றி தோல்வியோடு தொடர்புடையது என்பதே அதன் முதன்மையான முடிவு. வலிமையின் அளவைப் போலவே அதன் திசையும் முக்கியமாகிறது.

இதன் காரணத் தொடரை இவ்வாறு உரைக்கலாம். முதல் இழுப்பில் இடுப்பு தோளைவிட விரைந்து உயர்ந்தால் முதுகு கிடைமட்டமாகச் சாய்கிறது. அதனை ஈடுசெய்ய வீரர் உடலைப் பின்னோக்கி வீசி நிமிர்கிறார். இடுப்பு கம்பியை முன்னோக்கித் தள்ளுகிறது. கம்பி வில்போல் வளைந்து தலைக்கு மேல் வரும்போது அதன் கிடைமட்ட வேகத்தைத் தோள்கள் தடுத்து நிறுத்த வேண்டியதாகிறது. தவறு தோளில் வெளிப்படுகிறது. அதன் மூலமோ முழங்காலுக்குக் கீழே உள்ளது.

திருத்தும் முறை

முதலாவது, பதிவு. பக்கவாட்டில், கம்பியின் உயரத்துக்கு இணையாக நிறுத்தப்பட்ட கைப்பேசி ஒளிப்பதிவே கம்பியின் பாதையைக் காண்பதற்குப் போதுமானது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத ஊரகப் பயிற்சிக்கூடங்களுக்கும் இது இயலும்.

இரண்டாவது, பகுத்துப் பயிலுதல். முதல் இழுப்பில் குறையுள்ளோர் முழங்கால் உயரத்தில் கம்பியை ஓரிரு நொடி நிறுத்தி இழுக்கலாம். இடைமாற்றத்தில் குறையுள்ளோர் தொங்குநிலையிலிருந்து தொடங்கலாம். தாங்குதலில் தயங்குவோருக்கு ஓவர்ஹெட் ஸ்குவாட் உதவும். பகுதிப் பயிற்சிக்குப் பின் முழுத் தூக்கலைச் செய்தாலன்றித் திருத்தம் முழு அசைவில் இணையாது.

மூன்றாவது, சொல். இயக்கக் கற்றல் துறையில் கேப்ரியேல் வுல்ஃப் மேற்கொண்ட ஆய்வுகள், கற்போரின் கவனத்தை உடலுறுப்பின்மீது செலுத்துவதைவிட அசைவின் விளைவின்மீது செலுத்துவது பொதுவாகப் பயன்மிக்கது எனக் காட்டுகின்றன. ‘முதுகுத் தசையை இறுக்கு’ என்பதினும் ‘கம்பி தொடையை உரசிச் செல்லட்டும்’ என்பது கற்போருக்கு எளிதில் பிடிபடுகிறது. ஒரு நேரத்தில் ஒரே குறிப்பு என்பதும் கடைப்பிடிக்கத்தக்கது.

நான்காவது, எடை. தவறான பாதையில் உச்ச எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கினால் அத்தவறே பழக்கமாகும். பாதை சிதையாத எடையில் பயின்று, அது நிலைத்தபின் எடையைக் கூட்டுதலே முறை.

முடிவுரை

ஸ்னாட்சில் தோல்வி புலப்படும் இடமும் தோன்றும் இடமும் வேறாக இருக்கக்கூடும். கம்பி சில சென்டிமீட்டர் விலகுவதும், வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் குறைவதும் தூக்கலின் முடிவை மாற்றப் போதுமானவை. ஆதலால் தொடக்கநிலை வீரர்களின் வளர்ச்சியைத் தூக்கிய எடையால் மட்டும் அளக்காமல், கம்பியின் பாதையையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். மாவட்ட அளவில் பயிற்சி பெறும் சிறாரிடம் இம்முறையைத் தொடங்கினால், பின்னாளில் முதுகு, தோள் காயங்களாலும் ஒரு கிலோ இடைவெளியாலும் நேரும் இழப்புகளைக் குறைக்க வழி பிறக்கும். தமிழில் எழுதப்படும் உடற்கல்வி நூல்கள் விதிகளையும் வரலாற்றையும் கூறுவதோடு நில்லாமல், இவ்வகை விசையியல் விளக்கங்களையும் உட்கொள்ளுதல் இன்றியமையாதது.