வெட்டாமல் மாற்றிய கேமரா

அப்பாவின் ஸ்டூடியோவை மூடியபோது என் பங்குக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே, ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி கேமரா. தேக்குச் சட்டம், பித்தளைத் திருகுகள், மடிப்பு மடிப்பாக விரியும் கறுப்புத் துருத்தி. 1940களில் தொடங்கிப் பல வருடங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் முக்காலி மேல் நின்ற கேமரா இது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் கல்யாண ஜோடியை அப்பா ஃபோகஸ் செய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே கேமராவில் மறுபடி படம் எடுக்க ஆசை வந்தது.

சிக்கல் அளவில் இருந்தது. கேமரா ‘ஃபுல் பிளேட்’ எனப்படும் 6½ × 8½ அங்குலக் கண்ணாடி நெகட்டிவுக்காகச் செய்தது. இப்போது எளிதில் கிடைக்கும் ஃபிலிம் ஹோல்டர்கள் 4 × 5 அங்குலம். பின்பக்கச் சட்டத்தை அறுத்துப் புது ஹோல்டரைப் பொருத்திவிடலாம் என்று நினைத்து, நாகர்கோவிலில் தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனேன்.

அவர் தேக்கைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அறுக்கதுக்கு ஒரு நிமிஷம் போதும். பெறவு இந்த மாதிரி மரத்துக்கு எங்க போவீங்க? புதுசா ஒரு சட்டம் செஞ்சு தாறேன். பழசக் கழத்துற எடத்துல இத மாட்டுங்க.”

அப்படியே செய்தோம். பழைய கண்ணாடி ஹோல்டர் நுழையும் காடியிலேயே புதுப் பலகை நுழைகிறது. அதன் நடுவில் 4 × 5 ஹோல்டருக்கு இடம். லென்ஸுக்கும் இதே வழிதான்: வேறு லென்ஸ் வேண்டுமென்றால் வேறு பலகை. பழைய சட்டத்தில் ஒரு துளைகூடப் போடவில்லை.

துருத்தியைச் சோதிக்க, இருட்டறையில் அதற்குள் செல்போன் டார்ச்சை வைத்தேன். மடிப்பு மூலைகளில் ஊசிமுனை போல ஏழெட்டுப் புள்ளிகள் மின்னின. அங்கெல்லாம் மெல்லிய கறுப்புத் துணியை ரப்பர் பசையால் ஒட்டினேன். காய்ந்தபின் விறைத்துக்கொள்ளும் பசை உதவாது, மடிக்கும்போது வெடித்துவிடும்.

அதிகக் கவனம் கேட்டது, ஃபோகஸ் பார்க்கும் தேய்த்த கண்ணாடிதான். லென்ஸிலிருந்து ஃபிலிம் எவ்வளவு தூரத்தில் இருக்குமோ, அதே தூரத்தில் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் இருக்கவேண்டும். 4 × 5 ஹோல்டரில் ஃபிலிம் சுமார் 5 மில்லிமீட்டர் உள்ளே உட்காரும். அந்தப் பள்ளத்தைச் சரியாக அளந்தேன். ஆனால் 3 மில்லிமீட்டர் கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டேன். முதல் படம் என் மனைவியுடையது. கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தேன். படத்தில் கண் மங்கி, காதுத் தோடு துல்லியமாக விழுந்திருந்தது. சொரசொரப்பு லென்ஸைப் பார்க்கும்படி கண்ணாடியைத் திருப்பியதும் கோளாறு தீர்ந்தது.

ஷீட் ஃபிலிம் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. அதற்கு மாற்று, எக்ஸ்ரே ஃபிலிம். 8 × 10 அங்குலத் தாளிலிருந்து நான்கு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டையும் நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்து வெட்டினால்தான் ஹோல்டரில் நுழையும். பச்சை ஒளிக்கான எக்ஸ்ரே ஃபிலிமைச் சிவப்பு விளக்கில் கழுவலாம் என்பதால், படம் மெல்ல எழுந்துவருவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. இரண்டு பக்கமும் மருந்துப் பூச்சு இருப்பதால் சீக்கிரம் கீறல் விழும். டிரேயின் அடியில் வழவழப்பான கண்ணாடி போட்டு, ஒவ்வொன்றாகக் கழுவுகிறேன்.

என் லென்ஸில் ஷட்டர் கிடையாது. ஜன்னல் வெளிச்சத்தில், எஃப் 16-ல் வைத்து, மூடியைக் கழற்றி “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணி மூடுகிறேன். அப்பாவும் இப்படித்தான் எண்ணுவார். எதிரில் இருப்பவர் அந்த இரண்டு விநாடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊர் ஸ்டூடியோவின் மூலையிலோ இப்படி ஒரு கேமரா கிடக்கலாம். அதை வரவேற்பறை அலங்காரமாக்கிவிடாதீர்கள். அவசரப்பட்டு அறுத்துவிடவும் வேண்டாம். புதிதாகச் சேர்ப்பது எதுவானாலும் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். இன்றைக்கும் என் புதுப் பலகையை உருவிவிட்டால், அப்பா வைத்திருந்த அதே வாகீஸ்வரி அப்படியே இருக்கிறது.