தடுப்பூசி போட்ட கோழியில் பறவைக் காய்ச்சலைக் கண்டுபிடிப்பது எப்படி?

"போன பிப்ரவரி முகாமிலேயே ஊசி போட்டாச்சு, இனி எந்தக் காய்ச்சலும் வராது." ஆட்டையாம்பட்டிப் பக்கம் புழக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்போர் பலரிடம் இந்த நம்பிக்கை உண்டு. முகாமில் போடுவது கோழிக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான ஊசி. அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் உறுதியானது. வீரியமுள்ள இந்த நோய்க்கு நம் நாட்டில் தடுப்பூசி போடுவதில்லை. நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 1 கி.மீ. வரை உள்ள கோழிகளை அழிப்பதே நடைமுறை. வீரியம் குறைந்த எச்9என்2 வகைக்கு மட்டும் தடுப்பூசி உண்டு. அதைப் போட்டாலும் எச்5என்1 வராமல் தடுக்க முடியாது.

ஊசிக்குப் பின் ஏன் சிரமம்?

தடுப்பூசி போட்ட கோழி கூட்டமாகச் சாகாது. முட்டை சற்றுக் குறையலாம், தீவனம் மிஞ்சலாம். ஆனால் உள்ளே நுழைந்த கிருமி எச்சத்தில் வெளியேறி அடுத்த கொட்டகைக்குப் போகும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் சாதாரணச் சோதனையில், அது ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

1. காவல் கோழி: கூட்டத்தில் சில கோழிகளுக்கு ஊசி போடாமல், வளையமிட்டு விடுவது. கிருமி வந்தால் முதலில் சாவது அவையே. ஹாங்காங் பண்ணைகளில் இந்த முறை இருந்தது.

2. வேறு 'என்' வகை ஊசி: இத்தாலியில் எச்7என்1 நோய் பரவியபோது எச்7என்3 ஊசி போட்டார்கள். ரத்தத்தில் என்1 எதிர்ப்புப் பொருள் தெரிந்தால் அது நோயால் வந்தது.

3. பிசிஆர் சோதனை: தொண்டையிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கிருமியையே தேடுவது. ஊசி போட்டிருந்தாலும் இது குழப்பாது. 2023 அக்டோபர் முதல் வாத்துகளுக்கு ஊசி போடும் பிரான்ஸ், பண்ணைகளைத் தொடர்ந்து சோதித்து வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

- தினமும் முட்டை எண்ணிக்கை, தீவன அளவு, இறப்பு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.
- திடீர் இறப்பு, கொண்டை நீலமாதல், தலை வீக்கம், முட்டை சரிவு கண்டால் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். ராணிக்கெட்டுக்கும் இதே போன்ற அறிகுறிகள் உண்டு. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்.
- மாதிரியை நீங்கள் எடுக்காதீர்கள். கால்நடைத் துறையினர் எடுத்து அனுப்புவார்கள். போபாலில் உள்ள தேசிய ஆய்வகமே உறுதி செய்யும்.
- செத்த கோழியை வாய்க்காலிலோ ஏரியிலோ வீசாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள். மீதிக் கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு ஓட்டாதீர்கள்.

அரசு அழிக்கும் கோழிகளுக்குத்தான் இழப்பீடு; மறைத்து வைத்துச் செத்துப்போனால் அது கிடைக்காது. பக்கத்திலேயே நாமக்கல்லின் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகள் இருக்கின்றன. புழக்கடையில் பத்துக் கோழி வளர்ப்பவர் சொல்லும் தகவல்தான் அவற்றுக்கும் முதல் காவல்.