சரக்கு வண்டியின் பால் ஜாயிண்ட்: நாமே மாற்றலாமா?

மளிகை வியாபாரிக்குக் கடை ஒரு கண் என்றால் வண்டி மறு கண். சேலம் லீ பஜாரில் சரக்கு எடுப்பதும், நாமக்கல் சென்று முட்டை, எண்ணெய் ஏற்றி வருவதும், எருமப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு லைன் போடுவதும் வண்டி இல்லாமல் நடவாது. தராசுக்கு முத்திரை போட மறக்காத நாம், வண்டியின் முன் சக்கரத்தைப் பிடித்து நிற்கும் ஒரு சிறு குண்டை மட்டும் மறந்து விடுகிறோம். அதுதான் பால் ஜாயிண்ட்.

நம் இடுப்பு மூட்டை நினைத்துக் கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு, அதிலிருந்து நீளும் ஒரு தண்டு. கிண்ணம் லோயர் ஆர்மில் இருக்கும். தண்டு சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் பொருந்தும். சக்கரம் மேலும் கீழும் ஆடவும், இடமும் வலமும் திரும்பவும் இந்த ஒரு மூட்டே இடம் கொடுக்கிறது. மேலே ஒரு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். பிறகு குண்டு தேய்ந்து கிண்ணத்தில் ஆட்டம் காணும். முற்றிலும் தேய்ந்தால் ஒரு பள்ளத்தில் தண்டு கழன்று, சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விடும். அதன் பின் ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை.

இது ஏழை வண்டிக்கு மட்டும் வரும் நோயல்ல. 2005ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனமே, அமெரிக்காவில் விற்ற லட்சக்கணக்கான பிக்கப், ஜீப் வகை வண்டிகளை முன் பால் ஜாயிண்ட் குறைக்காகத் திரும்ப அழைத்தது.

எந்த வண்டிக்கு உண்டு?

மாருதி ஆம்னி 1984இல் வந்து 2019இல் உற்பத்தி நின்றது. ஆயினும் இன்றும் பல கடை வாசல்களில் நிற்கிறது. அதற்கும் மற்றப் பெரும்பாலான மாருதி கார்களுக்கும் பக்கத்துக்கு ஒன்றாகக் கீழே பால் ஜாயிண்ட் உண்டு. பொலிரோ போன்ற வண்டிகளில் மேலே ஒன்று, கீழே ஒன்று. 2005இல் வந்த டாடா ஏஸ் வண்டியின் முன்பக்கம் லாரியைப் போல அச்சும் பட்டைச் சுருளும் கொண்டது. அதற்குக் கிங் பின்தான், இந்தப் பால் ஜாயிண்ட் இல்லை. முதலில் நம் வண்டி எந்த வகை என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

சுமைக் கணக்கையும் பார்ப்போம். 2022க்குப் பிறகு பல ஆலைகளின் அரிசி மூட்டை 26 கிலோவாக வருகிறது. 20 மூட்டை என்றால் 520 கிலோ. ஐந்து பேர் அமரும் வண்டியில் ஆளுக்கு 65 கிலோ வைத்தாலும் 325 கிலோதான். இந்தப் பாரத்தோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்து இறங்கும்போது முன் சக்கரங்கள் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறியும் சோதனையும்

பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என்ற ஓசை, வளைவில் திரும்பும்போது நறநறப்பு, டயர் ஓரம் மட்டும் தேய்வது, நேராகப் போகாமல் வண்டி ஒரு பக்கம் இழுப்பது ஆகியவை அறிகுறிகள். ஆனால் சத்தம் கேட்டதும் பால் ஜாயிண்ட் என்று முடிவு கட்டக் கூடாது.

ஆம்னி வகை வண்டியில் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்க விடவும். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டவும். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டவும். ஆட்டம் நின்றால் குறை வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் பால் ஜாயிண்டைச் சந்தேகிக்கலாம். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும். பின் ஒரு கடப்பாரையை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்து மெல்ல நெம்பினால், மூட்டில் உள்ள இடைவெளி கண்ணுக்கே தெரியும்.

மாற்றும் முறை

கை வேலை தெரிந்த ஒருவர் துணையிருந்தால் குடோன் வாசலிலேயே இதைச் செய்யலாம். சமதரை வேண்டும். முதல் நாள் இரவே நட்டுகளில் துரு எடுக்கும் எண்ணெய் விட்டு ஊற வைக்கவும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக் போட்டு, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தவும். ஜாக்கியில் தூக்கிய பின் ஸ்டாண்டு வைக்காமல் அடியில் கை நீட்டக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் ஆகியவை ஸ்டாண்டு ஆகாது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றிய பின், தண்டு எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கவும். சில வண்டிகளில் குறுக்கே ஒரு போல்ட் இருக்கும். அது தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் தளர்த்தினால் போதாது, முழுதும் உருவ வேண்டும். வேறு சிலவற்றில் கூம்புத் தண்டும் ஸ்பிலிட் பின் போட்ட நட்டும் இருக்கும். அங்கே புல்லர் போட்டு எடுப்பதே முறை. தண்டின் மரையில் சுத்தியல் படக் கூடாது. கேஸ் வைத்துச் சூடாக்கவும் கூடாது. ரப்பர் கருகும், இரும்பின் உறுதியும் கெடும்.

பழையதைப் பிரித்த பின் கிண்ணம் ஆர்மில் அழுத்திப் பொருத்திய வகையாயின், பிரஸ் உள்ள பட்டறைக்கு ஆர்மை மட்டும் கொண்டு போகலாம். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆர்மோடு சேர்ந்தே வரும் வகையாயின் முழு ஆர்மையும் மாற்றுவதே எளிது.

பொருத்தும்போது மூன்று விஷயங்கள் முக்கியம். ஸ்பிலிட் பின் புதியதாக இருக்க வேண்டும். பின் துளை நேராக வரவில்லை என்று நட்டைப் பின்னோக்கித் தளர்த்தக் கூடாது, அடுத்த துளை வரை முறுக்க வேண்டும். ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கேறிச் சீக்கிரம் கிழியும். முறுக்கும் அளவு கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். டார்க் ஸ்பேனர் இல்லாதவர் அந்தக் கடைசி முறுக்கைப் பட்டறையில் செய்து கொள்வது நல்லது.

அன்றே மறு பக்கத்தையும் சோதிக்க வேண்டும். பின்னர் அலைன்மெண்ட் பார்த்து, 100 கிலோ மீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும்.

சாமான் வாங்கும்போது

நாம் கலப்படப் பருப்பைக் கையில் எடுத்ததும் கண்டுபிடிப்பவர்கள். உதிரிபாகத்தில் அந்தக் கை நமக்கு இல்லை. போலிப் பெட்டிக்குள் வரும் குண்டு நல்லதா, கெட்டதா என்று பார்வையில் தெரியாது. ஆகையால் பில் இல்லாமல் வாங்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதம். முன்பு பலவற்றுக்கு 28 ஆக இருந்தது. பில் போட்டால் விலை கூடும் என்று சொல்லும் கடைக்காரரிடம் இதைச் சொல்லலாம். நம் சென்னையிலேயே ரானே (மெட்ராஸ்) நிறுவனம் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூட்டுகள் செய்து வருகிறது. வண்டிக் கம்பெனியின் அசல் சாமானோ, இப்படிப் பெயர் பெற்ற தயாரிப்போ வாங்கினால் கவலை இல்லை.

எதை நாமே செய்யக் கூடாது?

டிரைவரை நம்பி வண்டி கொடுக்கும் முதலாளிகள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். “சத்தம் வருது முதலாளி” என்று அவர் சொன்ன அன்றே வண்டியை நிறுத்த வேண்டும். லைன் ஒரு நாள் தள்ளிப் போனால் வசூல் மறு நாள் வரும். சக்கரம் சாய்ந்தால் உள்ளே இருப்பவர் வீடு திரும்புவாரா என்பதே கேள்வி. முதுகு ஒத்துழைக்காதவர்களும், ஸ்டாண்டு இல்லாதவர்களும், சுருளை அழுத்திக் கழற்ற வேண்டிய வகை வண்டி உள்ளவர்களும் இவ்வேலையைப் பட்டறைக்கே விட வேண்டும். அழுத்திய சுருள் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

சோதனையை மட்டும் யாரும் செய்யலாம். அதற்கு அரை மணி நேரம் போதும். மாதம் ஒரு முறை, கடை விடுமுறை நாளில், இரண்டு ரப்பர் உறைகளையும் டார்ச் அடித்துப் பார்த்து, தேதியையும் கிலோ மீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். பேரேடு எழுதிப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிய வேலையல்ல.