துடைத்த தரை ஏன் ஒட்டுகிறது?



காலையில் பெருக்கி, சோப்புத்தூள் போட்டுத் தரையைத் துடைத்தாகிவிட்டது. மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. "என்னங்க, இப்பத்தானே தொடைச்சேன், மறுபடியும் ஒட்டுதே" என்று மனைவி சலித்துக்கொள்கிறார். "இன்னும் ரெண்டு கை பவுடரைப் போட்டுத் தொடையேன்" என்று கணவர் திண்ணையிலிருந்தே யோசனை சொல்கிறார். அந்த யோசனைதான் காரியத்தைக் கெடுப்பது. சோப்பு கூடக்கூட ஒட்டலும் கூடும்.

அது எப்படி என்று கேட்பீர்கள். தரை ஒட்டுவதற்கு முதல் காரணம் எண்ணெய். சட்டியில் எண்ணெய் காயும்போது எழும் ஆவியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் மிதந்து வந்து சுவரிலும் தரையிலும் படிகின்றன. நாள்பட்டால் காற்றுப்பட்டு அவை பிசின்போல் இறுகிவிடும். நம் செட்டிநாட்டில் பலகாரம் சுடாத விசேஷம் உண்டா? தேன்குழல், சீப்புச்சீடை, கந்தரப்பம், அதிரசம் என்று இரண்டு நாள் அடுப்பு எரிந்தால், எண்ணெயோடு வெல்லப்பாகும் சிந்தி அடுப்படித் தரை ஒரு வாரத்துக்குக் காலைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் சோப்பேதான். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அதில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்தால் நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்துபோகும். துணி துவைக்கும்போது இதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திரிதான் தரையிலும் தங்குகிறது. சோப்புத்தூளும் அப்படியே. அதிகமாகப் போட்டு, நல்ல தண்ணீரால் அலசாமல் விட்டால், மெல்லிய ஏடாகக் காய்ந்து தூசியையும் எண்ணெயையும் இழுத்துக்கொள்ளும்.

இதை ஏன் குடும்ப நலப் பிரசுரத்தில் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. இந்த ஏடு காய்ந்தால் ஒட்டும், நனைந்தால் வழுக்கும். ஒட்டும்போது குழந்தைக்குக் கெடுதல், வழுக்கும்போது தாய்க்கு ஆபத்து.

தவழுகிற குழந்தைக்குத் தரைதான் உலகம். ஒட்டிக் கிடக்கும் சோற்றுப் பருக்கை, பாகுத் துளி, அதில் மொய்க்கும் ஈ, எறும்பு எல்லாம் அதன் கைக்கு எட்டும். கையில் பட்டது அடுத்த நிமிஷம் வாயில் இருக்கும். வெளியில் மலத்தில் உட்கார்ந்த ஈ இங்கே வந்து உட்கார்ந்தால் வயிற்றுப்போக்கு வர வழியாகிறது. தரையை மட்டும் துடைத்துவிட்டு, மலம் கழித்த பிறகும் குழந்தைக்கு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவாவிட்டால் பயன் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஒரு உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள். செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்ற பிறகும் விடாமல் 14 நாள் கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தாலோ, குழந்தை துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

கர்ப்பிணியின் நிலை வேறு. வயிறு பெருக்கப் பெருக்க உடம்பின் நிதானம் மாறுகிறது, மூட்டுகள் தளர்கின்றன, தன் பாதமே தனக்குத் தெரிவதில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு குளியலறைத் தரையில் நல்லெண்ணெய் படிந்திருக்கும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்த இடமும் அப்படித்தான். கர்ப்பிணி வழுக்கி விழுந்தால், "ஒண்ணுமில்லை ஆத்தா, லேசாத்தான் பட்டுச்சு" என்று எழுந்து வேலை பார்ப்பது கூடாது. அடி வெளியே தெரியாமலே நஞ்சுக்கொடி விலகிப்போக இடமுண்டு. வயிற்று வலி, இரத்தக் கசிவு, நீர்க் கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது கண்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக்கொள்வது நல்லது.

துடைக்கும் முறை

முதலில் உலர்ந்த தரையை நன்றாகப் பெருக்குங்கள். பாகு சிந்திய இடத்தைச் சுரண்ட வேண்டாம். வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் போட்டு வைத்தால் தானே கரையும். எண்ணெய் கொட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். தவிட்டையோ சலித்த சாம்பலையோ தூவி அரை மணி விட்டுக் கூட்டி அள்ளுங்கள். பிறகு அரை வாளி வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சோப்புத்தூள் போதும், அதற்கு மேல் வேண்டாம். துணியைப் பிழிந்து துடையுங்கள்.

இனிமேல் செய்வதுதான் முக்கியம், பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர், இன்னொரு துணி. முதலில் துடைத்த இடம் முழுவதையும் மறுபடி துடைத்து, தண்ணீர் கலங்கினால் மாற்றி, கடைசியில் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நெடுநாள் பிசுக்கு ஒரே நாளில் போகாது. மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தால் விட்டுவிடும். துடைக்கும் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். மூலையில் சுருட்டிப் போட்ட எண்ணெய்த் துணி அழுக்கை இழுப்பிச் செல்லுமே தவிர எடுக்காது.

இரண்டாவது வாளிக்கு மழைத்தண்ணீரும் ஊருணித் தண்ணீரும் உத்தமம், அவற்றில் உப்பு குறைவு. நம் பெரிய வீடுகளில் வளவைச் சுற்றி ஓட்டிலிருந்து வழியும் மழைநீரை அண்டாக்களில் பிடித்து வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பே சட்டமாயிற்று. ஆனால் பிடித்து வைத்த தண்ணீரை மூடாவிட்டால் டெங்குக் கொசு வளரும், மறவாதீர்கள். வாளி தூக்கி வருவதும் குனிந்து துடைப்பதும் மனைவிக்கு மட்டும் எழுதி வைத்த வேலை இல்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இரண்டு வாளியையும் கணவர் சுமக்கட்டும்.

நம் ஊர்த் தரைகள்

இளையாத்தங்குடிப் பக்கத்து வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை நிறைய உண்டு. (பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் கல் செய்யும் ஆத்தங்குடி வேறு ஊர்.) அந்தக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை வார்த்து, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியின் வழவழப்புத்தான் அதன் முகத்தில் இருப்பது. ஆசிட், எலுமிச்சை, புளி எதுவும் அதன்மேல் படக் கூடாது. பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் தரைக்கும் போட்டால் சிமெண்டை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும், பிறகு அழுக்கு நிரந்தரமாகத் தங்கும். காவி பூசிய சிமெண்டுத் தரைக்கும் இதே விதி. பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது பழைய வழக்கந்தான், ஆனால் சில சொட்டுத் துணியில் விட்டு, தடவியபின் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். கிண்ணத்தோடு ஊற்றினால் அதுவே பிசுக்காகும், வழுக்கலுமாகும்.

சாணம் மெழுகிய மண்தரையில் பிசுக்குத் தொல்லை இல்லை. ஆனால் சாணத்தில் இரணஜன்னிக் கிருமியின் விதை இருக்கலாம். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணமோ சாம்பலோ எதுவும் வைக்காதீர்கள். சிசுக்களுக்கு வரும் இரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக 2015-ல் இந்தியாவுக்குச் சான்று கிடைத்தது. கர்ப்பகாலத் தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் வந்த பலன் அது.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்

"எதுக்கும் போகலே, ரெண்டையும் கலந்து ஊத்திட்டேன்" என்று சிலர் சொல்வதுண்டு. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டோ கழிப்பறை திரவமோ சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். கண் எரிந்து, மூச்சு முட்டும். அப்படி நேர்ந்தால் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள்.

பினாயிலையும் ஆசிட்டையும் மண்ணெண்ணெயையும் கலர் பாட்டிலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைப்பது வேண்டாம், பிள்ளை அதைக் கலர் என்றே நினைக்கும். கடையில் வாங்கிய பாட்டிலிலேயே, மூடியோடு, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் விரலை விட்டோ உப்புத்தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியில் ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். வாயைத் துடைத்துவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.