காந்தாரி மிளகாயும் கொண்டைக்குருவியும்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து மேற்கே 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டு வரும். அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள் நிறைந்த இடுக்கி மாவட்டம். அந்த மலை வீடுகளின் கொல்லையில் ஒரு சிறு மிளகாய்ச் செடியை அடிக்கடி காணலாம். மற்ற மிளகாய்கள் தலைகீழாகத் தொங்க, இதன் காய்களோ வானத்தை நோக்கி நிற்கும். நீளம் 2 அல்லது 3 சென்டிமீட்டர்தான். கடித்தால் கண்ணில் நீர் வந்துவிடும். இதுதான் காந்தாரி மிளகாய். இதன் தாவரவியல் பெயர் கேப்சிகம் புரூட்டெசென்ஸ்.

இந்தச் செடி பெரும்பாலும் வேலியோரத்தில் தானாகவே முளைத்திருக்கும். ஆனால் அதே செடியின் விதையை எடுத்துத் தொட்டியில் போட்டால் பல நாட்கள் ஒன்றுமே தெரிவதில்லை. பத்து நாள் காத்திருந்துவிட்டு, விதை கெட்டுவிட்டது என்று மண்ணைக் கொட்டிவிடுபவர்கள் உண்டு. வேலியோரத்தில் எளிதாக முளைப்பது வீட்டில் ஏன் தயங்குகிறது? இதற்கு விடை காண, முதலில் காரத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரம் எங்கே இருக்கிறது?

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்னும் வேதிப்பொருள். இது விதையில் உண்டாவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்மையான சதைப்பகுதியில்தான் அது உண்டாகிறது. அதன் மீது உரசிக்கொண்டிருப்பதால் விதையும் காரமாக இருக்கிறது.

காரத்தை அளக்கும் முறை ஒன்றை 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்தியல் அறிஞர் வில்பர் ஸ்கோவில் வகுத்தார். மிளகாயின் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்துகொண்டே போனார். சுவைப்பவர்களுக்குக் காரமே தெரியாமல் போக எத்தனை மடங்கு நீர்க்க வைக்க வேண்டுமோ, அந்த எண்ணே அதன் அளவு. குடைமிளகாயின் அளவு சுழியம். காந்தாரி வகைகளுக்கு 50 ஆயிரம் முதல் 1 லட்சம் வரை என்பது பொதுவான கணக்கு. வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜொலோக்கியா 10 லட்சத்தைத் தாண்டி 2007-இல் உலகச் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றது.

பறவைக்கு ஏன் எரிவதில்லை?

நம் நாக்கின் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு பட்டால் அது மூளைக்கு ‘சுடுகிறது’ என்று செய்தி அனுப்பும். கேப்சைசின் அதே புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதே செய்தியை அனுப்ப வைக்கிறது. எனவே காரம் என்பது அறுசுவையில் ஒன்றாக எண்ணப்பட்டாலும், அறிவியல்படி அது ஒரு சூட்டுணர்வு. இந்தப் புரதத்தை 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பறவைகளுக்கும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் அதன் அமைப்பில் சிறு வேறுபாடு இருப்பதால் கேப்சைசின் அதைத் தூண்டுவதில்லை. ஆகவே எலி ஓடிப்போகும் மிளகாயைக் கொண்டைக்குருவி நிம்மதியாக விழுங்குகிறது.

இதனால் செடிக்கு என்ன லாபம்? அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாய்களைப் பற்றி டியூக்ஸ்பரி, நபான் என்ற இருவர் செய்த ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. காரமில்லாத மிளகாயை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் வயிற்றைக் கடந்து வந்த விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. எலிகளின் பற்களும் குடலும் அவற்றைப் பாழாக்கிவிட்டன. பறவையின் எச்சத்தில் வந்த விதைகளோ நன்றாக முளைத்தன. பறவைக்குப் பல் கிடையாது அல்லவா?

ஆக, காரம் என்பது செடி போட்டிருக்கும் காவல். விதையைக் கடித்து அழிப்பவர்களை அது விரட்டுகிறது. பத்திரமாகச் சுமந்து செல்பவர்களை அனுமதிக்கிறது. பறவை சதையைச் செரித்து, விதையைச் சுத்தமாக்கி, ஏதாவதொரு வேலியின் நிழலில் ஈரமண்ணில் போட்டுவிடுகிறது. வீட்டில் விதைக்கும்போது அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

விதைக்குள் நடப்பது என்ன?

மிளகாய் விதைக்குள் கருவைச் சுற்றிலும் உணவுத்திசு இருக்கிறது. வேர் வெளியே வரவேண்டுமானால், வேர் நுனிக்கு முன்னால் இருக்கும் கெட்டியான பகுதி இளக வேண்டும். நீரை உறிஞ்சியதும் விதையில் சில நொதிகள் உண்டாகி அதை மெல்ல மெல்லக் கரைக்கின்றன. நொதிகள் குளிரில் மந்தமாகிவிடும். சாதாரண மிளகாய் விதை 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 8 நாட்களில் முளைக்கும். 15 டிகிரியில் அதற்கு ஏறத்தாழ 25 நாட்கள் தேவைப்படும். காந்தாரி இயல்பாகவே இன்னும் மெதுவானது. இரண்டு முதல் ஐந்து வாரம் வரை ஆகலாம்.

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். போடிக்கும் போடிமெட்டுக்கும் ஏறத்தாழ அந்த அளவு உயர வேறுபாடு உண்டு. எனவே ஒரே பழத்தின் விதை, ஒரே நாளில் விதைத்தாலும், கீழே முந்தியும் மேலே பிந்தியும் முளைக்கும். மார்கழிக் குளிரில் மலைமேல் விதைத்துவிட்டுப் பத்தாம் நாள் நம்பிக்கை இழப்பது விதையின் குற்றமாகுமா?

நீங்களே முளைக்க வையுங்கள்

1. செடியிலேயே நன்கு சிவந்து பழுத்த பழங்களைப் பறியுங்கள். பச்சைக் காயின் விதை முற்றியிருக்காது.

2. கைகளில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு பழத்தைக் கீறி விதைகளை எடுங்கள். கையைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. எனவே வேலை முடிந்ததும் கையில் எண்ணெய் தடவிப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

3. ஒட்டியிருக்கும் சதை போகும்படி விதைகளை நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

4. செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து, அதன்மேல் கொதிநீரை ஊற்றி ஆறவிடுங்கள். இளநாற்றுகளைத் தண்டோடு சாய்க்கும் நாற்றழுகல் நோய்க்குக் காரணமான பூஞ்சைகள் இதனால் குறையும். கொதிநீரைப் பெரியவர்களின் துணையோடு கையாளுங்கள்.

5. அடியில் துளையிட்ட கொட்டாங்கச்சிகளில் இந்த மண்ணை நிரப்பி, விதைகளை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, நீரைத் தெளியுங்கள். நீர் தேங்கக் கூடாது. மேலே பாலிதீன் தாளால் மூடி, சமையலறையில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். அடுப்பை ஒட்டி வைக்க வேண்டாம்.

6. முளை தெரிந்ததும் மூடியை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். நான்கைந்து இலைகள் விட்டபின் தொட்டிக்கு மாற்றலாம். காந்தாரி ஓராண்டோடு மடிந்துவிடுவதில்லை. பல ஆண்டுகள் காய்க்கும்.

ஒரு சோதனை

மூன்று கொட்டாங்கச்சிகளில் தலா 20 விதைகள் இடுங்கள். முதலாவதில் சுத்தமான விதைகள், வெதுவெதுப்பான இடம். இரண்டாவதில் சுத்தமான விதைகள், குளிர்ந்த இடம். மூன்றாவதில் சதையோடு ஒட்டிய விதைகள், வெதுவெதுப்பான இடம். மண், ஆழம், நீர் ஆகியவை மூன்றுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 40 நாட்கள் வரை, தினமும் எத்தனை முளைத்தன என்று குறித்து வரைபடம் வரையுங்கள். முதலாவதையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால் வெப்பத்தின் பங்கு தெரியும். முதலாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால் கொண்டைக்குருவி செய்யும் துப்புரவு வேலையின் பங்கு தெரியும்.

போடியில் இருக்கும் மாணவரும் மலைமேல் இருக்கும் மாணவரும் இதே சோதனையைச் செய்து தங்கள் வரைபடங்களைப் பரிமாறிக்கொண்டால் இன்னும் சுவையாக இருக்கும். ஆனால் ஒன்று: 40 நாள் ஆகும் முன்பு மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்!