கல் யானையும் குச்சி யானையும்

7ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பி யானையைச் செதுக்கியபோது, அதன்மேல் இரக்கம் காட்டுங்கள் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. யானை அரசனின் படைபலம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் பெரிய களிறு நிற்க, அதன் காலடியில் குட்டிகள் ஒண்டியிருக்கின்றன. ஐந்து ரதங்களின் நடுவே இன்னொன்று தனியாக நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கடற்காற்றைத் தாங்கிய இவை எந்தக் காட்டில் திரிந்த யானைகளைப் பார்த்துச் செதுக்கப்பட்டவை என்று சொல்ல வழியில்லை.

நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் இன்று யானை செய்கிறவர்கள் பணியர், பெட்டகுரும்பர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடியினர். கல்லின் இடத்தில் உண்ணிச்செடியின் குச்சி. வேகவைத்தால் பட்டை உரியும், வளையவும் வளையும். இரும்புக் கம்பிச் சட்டத்தில் அதை ஆணியடித்துப் பொருத்தி, அசல் யானையின் உயரத்துக்கே எழுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் தேயிலைத் தோட்டங்களின் ஊடே நடமாடும், அவர்கள் பார்த்துப் பழகிய ஒரு யானையின் சாயல். பழைய சிற்பி வடித்தது யானை என்னும் இனத்தை. இவர்கள் வடிப்பது பக்கத்துவீட்டுக்காரரை. காலம் செய்த மாற்றங்களில் இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

உண்ணியும் பழைய கதைதான். வெப்பமண்டல அமெரிக்காவின் இந்தப் பூச்செடியை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். இன்று இந்தியாவின் புலிக் காடுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் அது பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. புதராக மண்டிய இடத்தில் புல் தழைப்பதில்லை. யானைக்குத் தீனி குறைகிறது.

இந்தச் சிற்பங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இறங்கி, நியூயார்க் வழியாக ஊர் ஊராகப் போயின. செடியாக வந்தது யானையாகத் திரும்பியது என்று சிரித்துக்கொள்ளலாம். விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான பணிகளுக்குப் போகிறது. செய்தவர்களுக்குக் காட்டை விட்டுப் போகாமலே கூலி கிடைக்கிறது. ஆனால் கல்லின் ஆயுள் குச்சிக்கு இல்லை.

தமிழ்நாட்டில் 2017இல் 2,761 ஆக இருந்த காட்டு யானைகள், 2025 கணக்கெடுப்பில் 3,170. ஆக, இங்கே உடனடிக் கவலை எண்ணிக்கையைப் பற்றியதல்ல, அவை நடக்கும் இடத்தைப் பற்றியது. சிற்பத்துக்காக வெட்டப்படும் உண்ணி, காட்டில் மண்டிக் கிடப்பதில் மிகச் சிறு பங்கு. வேரோடு எடுக்காவிட்டால் வெட்டிய இடத்திலேயே மறுபடி துளிர்த்துவிடும்.